பேக்கர் வீடும் நம் வீடும்: எல்லைப்புற மனைகள் பற்றி ஒரு விமர்சனம்

தமிழில் வீட்டுக்குப் பெயர்கள் பல. இல், மனை, அகம், குடில், மாடம் என்று நிகண்டுகள் அடுக்கும். இவற்றுள் 'அகம்' என்ற சொல்லைப் பாலக்காட்டு அக்ரகாரத்தார் இன்றும் கைவிடவில்லை. 'ஆத்துல இருக்காளா?' என்று அவர்கள் கேட்பது 'அகத்தில் இருக்கிறார்களா' என்பதன் தேய்வே. வீட்டையும் உட்புறத்தையும் மனத்தையும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. இன்றோ வீடு கட்டப் புறப்படுகிறவர் வாயில் முதலில் வரும் சொல் 'எலிவேஷன்'. அகம் போய் முகம் வந்துவிட்டது எனலாம். அந்த முகங்களில் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. நம் எல்லைப் பகுதியில் அதற்குப் பெயர் 'பேக்கர் மாடல்'.

வாளையார், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு என்று கணவாய் ஓரமாகவும், மறையூர், மூணாறு, குமுளி என்று மலைமேலும் நம்மவர்கள் பரவிக் கிடக்கிறோம். இந்த ஊர்களில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு ஆர்க்கிடெக்ட் அலுவலகங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. புது வீடு வரைந்து கொடுப்பார்கள், பழைய வீட்டைத் திருத்தியும் கொடுப்பார்கள். அவர்கள் காட்டும் படங்களில் பூசாத செங்கல் சுவர் ஒன்று கட்டாயம் இருக்கும். வருகிறவரும் 'நமக்கும் அந்த பேக்கர் மாடல் போதுங்க' என்பார். அடியேன் கட்டடக் கலை படித்தவனல்லன். சிமெண்ட், கம்பி, பெயிண்ட் விற்கும் வியாபாரி. ஆனால் வீட்டுக்காரர், மேஸ்திரி, ஆர்க்கிடெக்ட் ஆகிய மூவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் மனம்விட்டுப் பேசுவது கடைப்படியில்தான். நாற்பது ஆண்டுகளாக அதைக் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் எனக்குத் தோன்றியது இது: பேக்கரிடமிருந்து நாம் செங்கல் நிறத்தை எடுத்துக்கொண்டோம். அவர் வீட்டுக்காரரிடம் கேட்ட கேள்விகளை விட்டுவிட்டோம்.

லாரி பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். 'நண்பர்கள் சங்கம்' எனப்படும் குவேக்கர் கிறிஸ்தவ மரபினர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவ உதவிப் படையில் பணி செய்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தார். அப்போது காந்தியடிகளைச் சந்தித்தார். கட்டும் இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளால் கட்ட வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவரைப் பிடித்துக்கொண்டது. 1945-இல் தொழுநோயாளருக்கான பணிக்காக மீண்டும் இந்தியா வந்தார். 1948-இல் எலிசபெத் ஜேக்கப் என்ற மலையாளி மருத்துவரை மணந்தார். இமயமலை அடிவாரத்தில் பித்தோராகட் என்ற இடத்தில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தனர். மலைக் கொத்தர்கள் கல்லையும் மண்ணையும் கையாளும் விதத்தைக் கண்டபின், தாம் கல்லூரியில் கற்றதில் பாதியை மறக்க வேண்டியதாயிற்று.

பிறகு அவர்கள் வந்தது எங்கே? நம் இடுக்கி மலைக்குத்தான். 1963 முதல் சில ஆண்டுகள் பீர்மேடு பக்கம் வாகமண்ணில் தங்கி, மனைவி வைத்தியமும் கணவர் கட்டட வேலையுமாக வாழ்ந்தனர். திருவனந்தபுரத்தில் குடியேறியது அதற்குப் பின்னர்தான். வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் கட்டடங்களும் நூற்றுக்கணக்கான தனி வீடுகளும் அதன்பின் வந்தவை. முதல்வராயிருந்த அச்சுத மேனனும் பொருளியலறிஞர் கே.என். ராஜும் பேக்கருடன் சேர்ந்து 1985-இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு 'காஸ்ட்ஃபோர்டு' நிறுவனத்தை ஏற்படுத்தினர். 1990-இல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1 அன்று தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

இத்தனை வேலை செய்தவருக்கு அலுவலகம் என்று ஒன்று இருந்ததில்லை என்றே சொல்லலாம். பழைய கடித உறைகளின் பின்புறத்தில் படம் போடுவார். மனையில் நேரே நின்று மேஸ்திரியிடம் சொல்லிச் சொல்லிக் கட்டுவார். மரம் நின்றால் சுவர் வளைந்து போகும், மரம் போகாது. உயர்ந்த வருமானக்காரருக்கு ஒரு மாதிரி, குறைந்த வருமானக்காரருக்கு ஒரு மாதிரி என்று வகுப்பு வகுப்பாக அவர் வீடு வரைந்ததில்லை. பெயரும் குடும்பமும் உள்ள ஒரு மனிதருக்குத்தான் வீடு என்பது அவர் கொள்கை. யார் எப்போது எழுவார்கள், பாட்டி எங்கே படுப்பாள், எத்தனை பிள்ளைகள், மாடு உண்டா, விருந்தாளி வந்தால் எங்கே உட்காருவார் என்பதெல்லாம் தெரிந்த பிறகே கோடு. இதைத்தான் இன்று 'கஸ்டம் டிசைன்' என்று பெரிதாகப் போட்டுக்கொள்கிறார்கள். நம் ஊர்க் கொத்தனும் ஆசாரியும் நெடுங்காலமாகச் செய்து வந்ததும் இதுவே. கட்டுமுன் நிலத்தைக் கேட்பதும் தமிழனுக்குப் புதிதன்று. இரண்டு கோல்களை நட்டு, நிழல் பார்த்துத் திசையறிந்து, நூல் பிடித்து அளந்து அரண்மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை விரிவாகவே கூறுகிறது.

இனி அவருடைய சிக்கனக் கணக்குக்கு வருவோம். இதை வியாபாரி சொல்வதுதான் பொருத்தம்.

முதலாவது, 'ராட் ட்ராப்' கட்டு, அதாவது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் ஒன்பது அங்குலமே, ஆனால் கல்லில் ஏறத்தாழ கால்பங்கு மிச்சம், சாந்தும் குறைவு. நடுவில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. (பெயரைக் கேட்டவுடன் எங்கள் சமண வீடுகளில் முகம் சுளிப்பார்கள். எந்த எலியையும் பிடிக்காத எலிப்பொறி இது ஒன்றுதான் என்று சொல்லிச் சமாதானப்படுத்துவேன்.) இரண்டாவது, ஓடு வைத்த தளம். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகம் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிரப் பெரிதாகச் சுமை தாங்குவதில்லை. ஆகவே அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை வைத்துவிட்டால் கான்கிரீட் கணிசமாகக் குறையும், வெப்பமும் தணியும். மூன்றாவது, சன்னல். மரச்சட்டம், கண்ணாடி, கம்பி, கீல் என்று பார்த்தால் ஒரு சன்னல் அதே பரப்புள்ள சுவரைவிடப் பல மடங்கு செலவு. வெளிச்சமும் காற்றும் மட்டும் போதுமென்கிற இடத்தில் செங்கல்லை இடைவெளிவிட்டு அடுக்கிய ஜாலிச் சுவரே போதும் என்றார். நான்காவது பூச்சு. நல்ல கல்லும் நல்ல கையும் இருந்தால் பூச்சு எதற்கு, பூச்சு இல்லையென்றால் பெயிண்ட் எதற்கு? ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அந்தப் பெயிண்டை மறுபடி அடிப்பது எதற்கு?

எல்லோரும் இவர் சொற்படி கட்டியிருந்தால் என் கடையில் பாதிச் சரக்கு தூங்கியிருக்கும். ஆனாலும் மனிதர் மீது எனக்குக் கோபமில்லை. எங்கள் இல்லறத்தார்க்கு விதித்த விரதங்களுள் ஒன்று 'மிகுபொருள் விரும்பாமை'. தேவைக்கு ஓர் எல்லை கட்டி, அதற்கு மேற்பட்டதை விலக்குவது. குவேக்கர்களின் எளிமை நெறியும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. பாலக்காட்டில் கல்பாத்தியாற்றின் அருகே ஜைனிமேடு என்ற இடத்தில் எங்கள் சமயத்துப் பழைய கோயில் ஒன்று உண்டு. சுவரெல்லாம் கருங்கல், அலங்காரம் எதுவுமில்லை. பூச்சில்லாததால் அதை யாரும் அரைகுறைக் கோயில் என்று சொன்னதில்லை. வீட்டை மட்டும் 'பூசாத வீடு பாதி வீடு' என்கிறோம். பேக்கர் ஒரு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கு நின்றது அந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

இவ்வளவும் அவர் பக்கம். இனி வழக்கின் மறுபக்கம்.

திருவனந்தபுரத்தில் நன்றாயிருக்கும் வீட்டை அப்படியே தூக்கிக் கொழிஞ்சாம்பாறையில் வைத்தால் என்ன ஆகும்? காற்றை முதலில் பாருங்கள். சன்னலுக்குப் பழந்தமிழ்ப் பெயர் 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் அச்சொல் வருகிறது. மனையறம்படுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் இருந்த மேல்மாடத்துச் சாளரத்தின் வழியே தென்றல் நுழைவதை இளங்கோவடிகள் பாடுகிறார். தென்றலுக்குத் திறந்த சாளரம் அது. பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை மாதங்களில் வீசுவது தென்றல் அன்று, கிழக்கேயிருந்து வரும் வறண்ட காற்று. புழுதியை வாரிக்கொண்டு வரும். கடலோர ஈரக் காற்றுக்கு அருமையான ஜாலிச் சுவர் இங்கே கிழக்கு முகத்தில் இருந்தால், வீட்டுப் பெண்கள் விளக்குமாறும் கையுமாகத்தான் இருக்க வேண்டும். கடையில் வந்து அந்த ஓட்டைகளை அடைக்கக் கொசுவலையும் கண்ணாடியும் வாங்கிப் போனவர்கள் பலர். செங்கல் ஜாலிக்கு ஒரு செலவு, அதை மூடுவதற்கு இன்னொரு செலவு.

மலைமேல் கதை வேறு. வாகமண் சுமார் 1,100 மீட்டர் உயரம், மூணாறு அதற்கும் மேலே. ஆனி, ஆடியில் சாரல் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் அடிக்கும். பூசாத செங்கல் தண்ணீரை உறிஞ்சிப் பாசி பிடித்துவிடும், உள்சுவரில் ஈரம் படரும். பேக்கருக்கு இது தெரியாததல்ல, அங்கேயே வாழ்ந்தவர். அதனால்தான் சாய்ந்த கூரையும், சுவரைத் தாண்டி நீண்டிறங்கும் இறவாரமும் அவருக்கு அவ்வளவு முக்கியம். நகலெடுப்பவர் செங்கல்லை எடுத்துக்கொண்டு இறவாரத்தை வெட்டிவிடுகிறார். 'எலிவேஷன் மறையுதே சார்' என்பது காரணம்.

நிலமும் ஒன்றில்லை. பாலக்காட்டின் மேற்கே ஒற்றப்பாலம், சொர்ணூர்ப் பக்கம் வெட்டுக்கல் கிடைக்கும். அதற்கு மலையாளத்தில் 'செங்கல்லு' என்றே பெயர், நம் செங்கல்லுக்கு 'இஷ்டிக'. இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஒரு கல்லைக் கேட்டு வேறு கல் வந்திறங்கிய வேடிக்கைகள் எல்லை ஊர்களில் சாதாரணம். கிழக்கே சித்தூர் வட்டத்திலோ பல இடங்களில் கரிசல். மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பிளக்கும் மண். அதன்மேல் ஆழமில்லாத கருங்கல் அஸ்திவாரம் போட்டு, தூண் இல்லாமல் செங்கல் சுவரே சுமை தாங்கும்படி கட்டினால் மூன்றாம் கோடையில் சன்னல் மூலையிலிருந்து விரிசல் கிளம்பும். பூசிய வீட்டில் விரிசலைப் பட்டி பார்த்து மறைக்கலாம், பூசாத சுவரில் அது ஊருக்கே தெரியும். இதைப் பேக்கரின் குற்றம் என்று சொல்ல முடியாது. மண்ணைப் பார்த்துக் கட்டச் சொன்னவர் அவர். ஆனால் ஒரு குறையை அவர் கணக்கிலும் எழுதத்தான் வேண்டும். அவர் முறை அவர் பக்கத்தில் நின்று பழகிய மேஸ்திரிகளைச் சார்ந்தது. எலிப்பொறிக் கட்டை ஒழுங்காகப் போடத் தெரியாத கை போட்டால், மிச்சமான கல்லின் காசு கூலியில் போய்விடும். அவர் வீடுகளில் உள்ளே இருட்டு என்போரும், பின்னால் மாடி எடுக்க முடியவில்லை என்போரும் உண்டு. வெறும் பொறாமைப் பேச்சு என்று அதைத் தள்ளிவிட முடியாது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு சங்கதி இதில் உண்டு. இப்போது பலர் சாதாரணமாகச் சுவர் கட்டி, முழுக்கப் பூசி, அந்தப் பூச்சின்மேல் செங்கல் போலவே இருக்கும் மெல்லிய ஓட்டைப் பசை போட்டு ஒட்டி, அதற்கு மேல் பளபளப்புக்கு ஒரு கோட்டிங்கும் அடிக்கிறார்கள். அதற்கும் பெயர் 'பேக்கர் மாடல்'! செங்கல்லுக்கு விலை, சிமெண்டுக்கு விலை, ஓட்டுக்கு விலை, பசைக்கு விலை, கோட்டிங்குக்கு விலை. சிக்கனத்தின் முகமூடியை வாங்க ஐந்து சரக்கு. வியாபாரியாக எனக்கு லாபம், விமர்சகனாக இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

புது வீட்டில் நடப்பது இது. பழைய வீட்டைத் திருத்துவதில் இதே தவறு இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. அதற்குக் கல்பாத்தியைவிட நல்ல இடம் கிடையாது.

விசுவநாத சுவாமி கோயில் 1425-இல் எழுந்ததாகக் கூறுவர். தமிழ்நாட்டிலிருந்து வந்த அந்தணர் குடும்பங்கள் பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, கோவிந்தராஜபுரம், சாத்தபுரம் என்று வரிசை வரிசையாக வீடு கட்டிக் குடியிருந்தன. வெளிமாநிலத்தில் தமிழர் எழுப்பிய குடியிருப்புகளில் இவ்வளவு முழுமையாக இன்றும் நிற்பவை சிலவே. வீட்டின் அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசல், திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கிணறு, கொல்லை என்று ஒரே கோட்டில் போகும். இடப்பக்கமும் வலப்பக்கமும் பொதுச் சுவர். ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். ஓட்டுக்கூரையும் தொடர்ந்து ஓடும். தெருவே ஒரு நீண்ட வீடு, குடும்பங்கள் அதன் அறைகள் என்று சொன்னாலும் பொருந்தும்.

இப்படிப்பட்ட வரிசையில் ஒருவர் மட்டும் தம் வீட்டை இடித்துக் கான்கிரீட் தூண் நிறுத்திக் கட்டினால் நடப்பதைக் கவனியுங்கள். பொதுச் சுவர் ஒரு பக்கம் தனியாகிவிடும். அது மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய உட்சுவர். மழையைப் பார்த்தே அறியாதது. புது வீட்டுக்காரர் அரையடி தள்ளித் தம் சுவரை எழுப்பிக்கொள்ள, இடவப்பாதி மழை நேரே பக்கத்து வீட்டுப் பாட்டியின் பூஜையறைச் சுவரில் இறங்கும். நடுவில் உள்ள அரையடிச் சந்தில் ஆள் நுழைந்து பூசவும் முடியாது. வழக்கமான வரைபடத்தில் பக்கத்து வீடு வெறும் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பவர் எந்த ஆர்க்கிடெக்டுக்கும் கட்சிக்காரரல்லர்.

முற்றம் இன்னொன்று. பக்கச் சுவரில் சன்னல் வைக்க வழியில்லாத வீட்டுக்கு, கூடத்தை ஒட்டிய சிறு முற்றமோ உயர்த்திய கூரைத் திறப்போதான் மூக்கு. அனல் அதன் வழியே மேலேறிப் போகும், வாசலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும். குரங்குக்கும் மழைக்கும் திருடனுக்கும் பயந்து அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுகிறார்கள். மூடியபின் புழுக்கம், அதற்கு ஏசி. பயம் நியாயமானதே. ஆனால் நாலு பக்கமும் காற்றுப் போக ஒரு முழம் இடைவெளி விட்டு ஷீட்டை உயர்த்தி, கம்பிவலை போட்டால் மூன்று பயமும் போய்விடும். பத்து நிமிடம் உட்கார்ந்து யோசித்தால் வருகிற விஷயம்.

கல்பாத்தியைப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்து, இடித்துக் கட்டுவதற்கும் மாற்றுவதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். வேண்டியதே. இல்லாவிட்டால் தேர்வீதி இந்நேரம் அடுக்குமாடி வீதியாகியிருக்கும். ஆனால் என் கருத்தில் கட்டுப்பாட்டின் கண் பெரும்பாலும் தெருவைப் பார்த்தே நிற்கிறது. திண்ணையும் ஓடும் தப்பிவிட்டால் போதும் என்ற நினைப்பு. உள்ளே எண்பது வயது மாமிக்கு இரவில் கொல்லைவரை நடந்து கழிப்பறை போக முடியவில்லை. அவருக்கு இரண்டாம் கட்டில் ஒரு கழிப்பறை வேண்டும், கைப்பிடி வேண்டும், படி குறைய வேண்டும். இதற்கும் முகப்பை மாற்றுவதற்கும் ஒரே மாதிரி அலைச்சல் என்றால், ஜனங்கள் சொல்லாமல் கொள்ளாமல் செய்து முடிப்பார்கள், இல்லை பூட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போவார்கள். பூட்டிய வீட்டுத் திண்ணை அழகாகத்தான் இருக்கும். முகத்தைக் காப்பாற்றி அகத்தைக் கோட்டை விடுவதில், பூச்சின்மேல் செங்கல் ஓடு ஒட்டுகிறவருக்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவை நம் குடும்பங்கள் பல பார்த்திருக்கும். அதன் அமைப்புக்கு முதல் வரைவு கொடுத்தவர் பேக்கர். அவர் வழி வந்த பென்னி குரியகோஸ் அதைத் தொடர்ந்தார். செட்டிநாட்டு வீடும், திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகார வீடும், புதுப்பள்ளிச் சிரியன் கிறிஸ்தவர் வீடும் அங்கே நிற்கின்றன. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் பூட்டிய அந்த வேலையை நான் மதிக்கிறேன். எந்தக் கட்டை எங்கே சேரும் என்பதை அங்கே படித்துக்கொள்ளலாம். ஆனால் அது காட்சிசாலை. அங்கே யாருக்கும் மூட்டுவலி கிடையாது. குடியிருக்கும் தெருவுக்கு அதை முன்மாதிரியாக வைக்கக் கூடாது.

இதுவரை பேசியது மனை உள்ளவர்கள் கதை. மலைமேல் நம்மவரில் பெரும்பகுதியினர் தலைமுறை தலைமுறையாக இருந்த வீட்டுக்கு வரைபடம் போட்டபோது அவர்களை யாரும் கேட்டதே இல்லை. லயம் என்கிறோமே, அதைச் சொல்கிறேன். ஒரே கூரை, வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், பின்னால் சிறு அடுப்படி. பார்வைக்கு அக்ரகாரமும் வரிசை வீடு, லயமும் வரிசை வீடு, இரண்டிலும் பொதுச் சுவர். அக்ரகாரத்து வரிசையைக் குடியிருந்தவர்களே வகுத்தார்கள், லயத்தைக் கம்பெனி வகுத்தது. அங்கே திண்ணை இருவர் உட்கார்ந்து பேசும் அளவு, இங்கே வாசற்படி ஆள் தாண்டும் அளவு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. நல்லதுதான். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். தன்னுடையதல்லாத சுவரில் ஒரு சன்னல் திறக்க யாருக்குக் கை வரும்?

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. 70 உயிர்கள் போயின. தமிழ்க் குடும்பங்கள், பலருக்குப் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். பெருமழைக்குப் பழி சொல்லலாம், சரிவுக்கும் சொல்லலாம். எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சரிவின் அடியில் ஓடைக்கரையில் குடியிருப்பதா வேண்டாமா என்று அவர்கள் தாமே முடிவு செய்யும் நிலை ஒரு தலைமுறைக்கும் வாய்க்கவில்லை. வீடு கொடுக்கப்பட்டது, அவர்கள் இருந்தார்கள். பின்னர், தப்பியவர்களில் 8 குடும்பங்களுக்கு மூணாறு அருகே குட்டியாறுவாலியில் அரசு நிலம் அளிக்க, தோட்டக் கம்பெனி தனித்தனி வீடுகள் கட்டிக் கொடுத்தது. ஒரே மாதிரி எட்டு வீடுகள். கட்டியது நல்ல காரியம். ஆயினும் 'பெயருள்ள மனிதருக்கு வீடு' என்ற பேக்கரின் கொள்கைக்கு இந்த மலையில் இதைவிடத் தகுந்த இடம் இருந்திருக்க முடியாது. எட்டே குடும்பங்கள். கேட்டு வரைய எவ்வளவு நாளாகியிருக்கும்?

ஓய்வு பெற்றபின் போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கம் இரண்டு மூன்று சென்ட் வாங்கி வீடு கட்டும் தோட்டத் தொழிலாளர் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவையாகத் தானே தீர்மானிக்கும் வீடு. அதில் பெரும்பாலும் வாசலில் அகலமாக ஒரு திண்ணை இருக்கும். எந்த ஆர்க்கிடெக்டும் சொல்லிக் கொடுக்காதது. நாற்பது வருடம் இல்லாமலிருந்த ஒன்று, கையில் காசு வந்ததும் முதலில் எழுந்துவிடுகிறது.

இந்த மலரை வாசிக்கும் அன்பர்களில் பலர் ஊர் வீட்டைத் தொலைவிலிருந்து திருத்துகிறவர்கள். பணம் பெங்களூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும், படம் போனில் வரும், 'ஓகே' என்ற பதில் போனில் போகும். வீட்டில் இருப்பதோ தாயும் தந்தையும். பணம் கொடுப்பவரைத்தான் ஆர்க்கிடெக்ட் கட்சிக்காரர் என்று நினைப்பார், அது உலக வழக்கம். ஆகவே வரைபடத்தைத் தாயாரிடம் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் போதாது, பலருக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதில் அவரை நடக்க விட வேண்டும். அடுப்பு இங்கே, அம்மி இங்கே, கட்டில் இங்கே என்று நின்று காட்டினால் அரைமணியில் பத்துத் திருத்தம் சொல்வார். எங்கள் வீடுகளில் விரதம் உள்ள பெரியவர்கள் பொழுது சாய்வதற்கு முன் உண்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் அடுப்படிக்கு மாலை வெளிச்சம் வரும் சன்னல் தேவை. வாஸ்துவில் தென்கிழக்கு என்பார்கள், சரி, இருக்கட்டும். தென்கிழக்கு அடுப்படிக்கும் மேற்கு வெளிச்சம் வர முற்றத்தின் வழியாக ஒரு திறப்பு வைக்கலாம். யாராவது சொன்னால் வைப்பார்கள்.

பேக்கர் எழுதிய சிறு கையேடுகள் சில உண்டு. கட்டடச் செலவைக் குறைப்பது பற்றி ஒன்று, மண் வீடு பற்றி ஒன்று. அவர் கையாலேயே எழுதி, பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டவை. இப்படிக் கட்டாதே, இப்படிக் கட்டு என்று அடுத்தடுத்துப் படம் இருப்பதால் ஆங்கிலம் அறியாத மேஸ்திரியும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்வார். சித்தூர் மேஸ்திரி ஒருவரிடம் ஒன்றைக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து எலிப்பொறிக் கட்டின் மூலைத் திருப்பத்தைக் கடைக்கு முன்னால் பத்துச் செங்கல்லை வைத்து அடுக்கிக் காட்டினார். ஆனால் கரிசலுக்கு அஸ்திவாரம் எப்படி என்று அதில் இல்லையே என்று கேட்டார். கேள்வி சரிதான். நம் சங்கத்தில் இஞ்சினியர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். கணவாய்க் காற்று, கரிசல் மண், மலைச்சாரல் இம்மூன்றையும் சேர்த்து அதே அளவில், அதே மாதிரிப் படங்களோடு தமிழில் ஒரு கையேடு அவர்கள் தயாரித்தால் அச்சுச் செலவில் ஒரு பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன்.